பலாக்காய் உத்தரவு கொடுத்த ஊர்

எங்க ஊர் காட்டுமுனியன்பேட்டையில பலாக்காய் முதன்முதலா உடம்பைச் சிலுப்பினது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில டீ வர்ற நேரம். கம்பெனியில மெஷினுக்குப் பூசை போட்டு முடிச்ச கையோட, மிச்சமிருந்த மஞ்சத்தண்ணியைக் கீழ கொட்ட மனசு வராம அஞ்சலாட்சி அக்கா அதை மேசையில குவிஞ்சு கெடந்த காய்ங்க மேல ஊத்தினா. மேலாக்க கெடந்த ஒரு காய் காம்புலேர்ந்து அடி வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பி, தண்ணியையெல்லாம் எங்க மூஞ்சியில தெறிக்கவிட்டு, குட்டியாட்டம் சின்னதா ஒரு 'மே' சொல்லிச்சு. நாங்க யாரும் கத்தல, ஓடல. சூப்பர்வைசர் ராசாங்கம் மட்டும் கையில இருந்த டீ கிளாசைக் கீழ வெச்சுட்டு, "ம், உத்தரவு ஆயிடுச்சு, வெட்டுங்க"ன்னான். நாங்களும் கத்தியில எண்ணெய் தடவிக்கிட்டு வெட்டினோம்.

ஏன் பயப்படலன்னு கேப்பீங்க. எங்களுக்கென்ன இது புதுசா? காட்டுமுனியன் கோயில்ல எந்தக் கெடாவையும் சும்மா இழுத்துட்டுப் போயி வெட்டிட முடியாது. அது தலையில மஞ்சத்தண்ணி ஊத்தணும், ஊத்தினா அது உடம்பைச் சிலுப்பணும், சிலுப்பினாதான் சாமியும் ஏத்துக்கிச்சு, ஆடும் ஒத்துக்கிச்சுன்னு கணக்கு. அதுவரைக்கும் அருவாளை ஓங்கினவன் ஓங்கின கையோடதான் நிக்கணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு சொம்புக்குச் சிலுப்பலன்னா இன்னொரு சொம்பு ஊத்துவோம், அப்பவும் அசையலன்னா காதுக்குள்ள ஊத்துவோம், அதையெல்லாம் வெளியூர்க்காரங்ககிட்ட சொல்ல மாட்டோம். நானும் அந்தக் கம்பெனியில காய் வெட்டினவதான், எனக்கு யாருக்கும் பூசி மெழுகணும்னு ஒண்ணும் கெடையாது.

கம்பெனிக்குப் பேரு பசுங்கறி. அதை நடத்தின பிரசாத் சாருக்கு சின்ன வயசுதான், சட்டையில பச்சையா ஒரு இலை போட்டிருக்கும், பேசினா தேன் ஒழுகும். எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானத்துல ஒக்கார வெச்சு, பலாப்பிஞ்சை வேகவெச்சு நாரு நாராப் பிச்சு மசாலா போட்டு டப்பாவுல அடைச்சா ஆட்டுக்கறிக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது, உயிர்க்கொலை கெடையாது, வருங்காலத்துல உலகமே இதைத்தான் சாப்பிடப் போவுது, ஆடும் மாடும் விடுற ஏப்பத்தாலதான் பூமி சூடாவுதுன்னு அவர் சொன்னப்போ, நாங்க திரும்பி எங்க ஆடுங்களைப் பார்த்தோம், அதுங்க பாட்டுக்கு வேலியோரம் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க, இத்தனை நாளா நம்ம கூடவே இருந்து இந்த வேலையா பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு எங்களுக்கே கோவம் வந்துச்சு. அப்புறம் என்ன, ஆட்டையெல்லாம் வித்தோம், முந்திரியை வெட்டிட்டு, இருந்த பலாமரத்தோட இன்னும் பலாக்கன்னு நட்டோம், ஊர் எல்லையில 'ஆடில்லாத பசுமைக் கிராமம்'னு பெரிய போர்டு வெச்சாங்க, ஞாயித்துக்கிழமைக் கறிக்கடை போட்டுக்கிட்டிருந்த ராசாங்கம் கடையை மூடிட்டு நீலச் சட்டை போட்டுக்கிட்டுக் கம்பெனிக்கு சூப்பர்வைசர் ஆனான். அஞ்சலாட்சி அக்கா அவனோட கூடப்பொறந்த அக்கா. பங்கு பிரிச்சப்போ வீடும் கடையும் தம்பிக்குப் போச்சு, யாருக்கும் வேணாத செம்மண் மேட்டுத் தோப்பு அக்காவுக்கு வந்துச்சு. புருசன் கல்குவாரி வேலைக்குன்னு போனவன் திரும்பி வரல, அவளும் தேடிக்கிட்டுப் போகல. "போனவனைத் தேடுற நேரத்துல நாலு பழம் விக்கலாம்டி"ன்னு சொல்லிச் சிரிப்பா.

அன்னிக்கு வெட்டின சரக்கு ஒரு மாசத்துல பாதிக்கு மேல திரும்பி வந்துடுச்சு. சிலுப்பின காயோட கறி தித்திப்பா இருந்துச்சாம், சிலுப்பாத காயோட கறி வேப்பங்காயாட்டம் கசந்து, சாப்பிட்டவங்க நாக்குல சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சாம். ராசாங்கத்துக்கு உடனே புரிஞ்சுபோச்சு. அன்னையிலேர்ந்து வெட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு காய்க்கும் மஞ்சத்தண்ணி ஊத்தணும்னு வெச்சு, அந்த வேலைக்கு அஞ்சலாட்சி அக்காவைப் போட்டாங்க. அவ ஒரு சொம்பு ஊத்துவா, சிலுப்பினதை எங்க பக்கம் தள்ளுவா, சிலுப்பாததைக் கூடையில போட்டு மூலையில வெச்சுடுவா. அதுங்க அங்கயே பழுத்துப் பழமாயிடும். பழமாயிட்டா ஒரு கத்தல் கெடையாது, ஒரு சூடு கெடையாது, சாதாப் பலாப்பழம்தான். அந்த வருசம் வந்த சரக்கு மாதிரி தித்திப்பா அதுக்கப்புறம் வரவே இல்ல.

ஊரும் சீக்கிரமே பழகிடுச்சு. தோப்புல கெடந்த காய்ங்க பகல்ல வெதுவெதுன்னு இருக்கும், விடியக்காலம் பனியில கத்தும், காதுல போட்டுக்காம தண்ணிக்கு வரிசையில நிப்போம். பனி பட்டா சளி புடிச்சிக்குதுன்னு சில பேரு காய்க்குச் சாக்கு கட்டிவிட்டாங்க, சில பேரு பேரு வெச்சாங்க, பேரு வெச்சவங்க வீட்டுப் புள்ளைங்க அந்தக் காயைக் கொழம்புல போட்டா தட்டைத் தள்ளி வெச்சிடுச்சுங்க. புரட்டாசி சனிக்கிழமையில பலாக்காய் சாப்பிடலாமா கூடாதான்னு ஒரு சண்டை, சைவக்காரச் சம்பந்தி வீட்டுல இதைப் பரிமாறினது தெரிஞ்சு நிச்சயதார்த்தமே நின்னுபோச்சு. வேளாண்மை ஆபீசர் வந்து பார்த்துட்டு, கத்துற பொருள் எங்க இலாகாவுல வராதுன்னு சொல்லிட்டுப் போனாரு. கால்நடை டாக்டர் வந்து ஒரு காய்க்கு வயித்துல கை வெச்சுப் பார்த்துட்டு, காம்புல தொங்குறது எங்க இலாகாவுல வராதுன்னு சொல்லிட்டு, போறப்போ ரெண்டு பழம் வாங்கிக்கிட்டுப் போனாரு.

பிரசாத் சார் மட்டும் ஒத்துக்கவே இல்ல. "அது காத்தும்மா, உள்ள இருக்கிற காத்து வெளிய வர்ற சத்தம், வேற ஒண்ணும் இல்ல"ன்னாரு. டப்பாவுல சைவம்னு பச்சைப் புள்ளி போட்டிருக்கோம், யாரு கேட்டாலும் காத்துன்னே சொல்லுங்கன்னாரு. நாங்களும் சொன்னோம். பஸ்சுல வர்ற சொந்தக்காரங்க என்னடி உங்க ஊருல ஆடில்லன்னு போர்டு வெச்சிருக்கு, தோப்பெல்லாம் ஆடு கத்துதேன்னு கேட்டா, காத்துன்னோம். கொஞ்ச நாள்ல நாக்கு அதுக்கே பழகிப்போயி, பக்கத்து வீட்டுல புருசன்கிட்ட அடி வாங்கி ஒருத்தி அழுற சத்தம் கேட்டாக்கூட காத்துன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தோம். சோறு போடுறவன் சொல்ற வார்த்தை எவ்வளவு சீக்கிரம் நம்ம வார்த்தையா ஆயிடுது பாருங்க, வயித்தெரிச்சல்.

அடுத்த வருசம் கேக்குறவங்க கூடிட்டாங்க, எங்கெங்கயோ கப்பல்ல போகுது, அஞ்சலாட்சி அக்காவோட ஒத்தைச் சொம்பு பத்தல. பிரசாத் சார் ஒரு மெஷின் கொண்டாந்தாரு. காய்ங்க வரிசையா பெல்ட்டுல போகும், மேலேர்ந்து ஐஸ் தண்ணி பீச்சி அடிக்கும், அடிச்ச வேகத்துல எல்லாக் காயும் வெடவெடன்னு நடுங்கும், நடுங்கினதும் கத்தி தானா எறங்கும். நடுங்குறதுக்கும் ஒத்துக்கிறதுக்கும் பார்க்க ஒரே ஆட்டம்தானே, மெஷினுக்கு என்ன தெரியும்? அக்கா போயி மெஷினை நிறுத்தினா.

"டேய் ராசாங்கம், இது சிலுப்பல் இல்லடா, குளுரு. கறிக்கடை வெச்சிருந்தவன்தானே நீ, உனக்குத் தெரியாதா?"

"தெரியுதுக்கா. தெரிஞ்சு என்ன பண்ண? சாயங்காலம் லாரி போவணும்."

"ஆடு வளர்த்தேன், உன் கடைக்குத்தான் வித்தேன், நானும் கறி தின்னேன், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு உயிர் இல்ல, அது காத்துன்னு என்னிக்காவது சொன்னேனா? கொல்றதைக் கொன்னேன்னு சொல்லிட்டுக் கொல்லுங்கடா." சொம்பை அங்கயே வெச்சுட்டு அக்கா வெளிய போனா, அப்புறம் கம்பெனிப் பக்கமே வரல. நாங்க பெல்ட்டு கூடவே நின்னுக்கிட்டு இருந்தோம்.

ஐஸ் தண்ணியில நடுங்கின காயோட கறி லேசாத்தான் கசந்துச்சு, சக்கரையும் புளியும் போட்டு அமுக்கினாங்க. வெனை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. மரத்துல இருந்த காய்ங்களுக்கு எப்படியோ சேதி போயிடுச்சு போல, அடுத்த தைக்குக் காய்ச்ச காயெல்லாம் ஐஸ் தண்ணிக்கும் அசையல, கொதிக்கிற தண்ணிக்கும் அசையல, ராசாங்கம் கம்பால தட்டினான் அப்பவும் அசையல, போர்வை இல்லாதவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குற மாதிரி முள்ளையெல்லாம் இறுக்கிக்கிட்டுக் கல்லாக் கெடந்துச்சுங்க. வெட்டினா பால் வரல, கருப்பா ஒரு தண்ணி வந்துச்சு, அந்தக் கறியைக் காக்காகூடத் தொடல. ஊரு பூராவும் அப்படியே ஆயிடுச்சு. கம்பெனியில ஒரு ஷிப்டை நிறுத்தினாங்க, அப்புறம் இன்னொண்ணை நிறுத்தினாங்க. பிரசாத் சார் வேற மாநிலத்துல வாழைப்பூவை வெச்சு மீன் பண்ற யோசனையில இருக்காருன்னு பேச்சு அடிபட்டுச்சு. ஆடும் இல்ல, முந்திரியும் இல்ல, வீட்டைச் சுத்தி வாயைத் தொறக்காத கசப்புக் காய், அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ண?

ஊருல ஒரே ஒரு தோப்புல மட்டும் காய் பழையபடி இருந்துச்சு, அது அஞ்சலாட்சி அக்காவோட செம்மண் மேடு. கம்பெனிக்கு அவ ஒரு காய்கூடக் குடுத்ததில்ல. காலையில சொம்போட மரம் மரமாப் போவா, ஒரு தெளி தெளிப்பா, சிலுப்பினதை அறுத்து கேட்ட வீட்டுக்குக் கொழம்புக்குக் குடுப்பா, சிலுப்பாததைத் தடவிக் குடுத்துட்டு விட்டுடுவா, அது பழுத்தப்புறம் பைபாஸ் ஓரமா சொளை சொளையா வெச்சு வித்துப் பொழச்சா. அந்த மேட்டுப் பக்கம் போனா இன்னும் 'மே, மே'ன்னு சத்தம் கேக்கும். எங்க தோப்பெல்லாம் வாயை மூடிக்கிட்டப்புறம் அந்தச் சத்தம் கேட்டா எங்களுக்கு எரிச்சலா வந்துச்சு. இவளுக்கு மட்டும் எப்படி? மருந்து வெச்சிருக்கா, மந்திரம் வெச்சிருக்கா, எங்க தோப்புக் கசந்ததே இவளாலதான்னு பேசினாங்க. பேசினாங்கன்னா யாரு, நாங்கதான்.

பிரசாத் சார் அந்தத் தோப்பைக் கேட்டு வந்தாரு. காய், பிஞ்சு எல்லாத்தையும் மொத்தமா அறுத்துக்கணும், அதை வெச்சு வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு லோடு நல்ல சரக்கு அனுப்பிட்டா கம்பெனி நிக்கும், இல்லன்னா இல்ல. அக்கா முடியாதுன்னுட்டா. ராசாங்கம் கால்ல விழுந்தான், அப்பவும் முடியாதுன்னுட்டா. கடைசியில, மாசி மாசம் பொறந்த புதுசு, பனி இன்னும் கொட்டிக்கிட்டு இருந்த காலை நேரம், காட்டுமுனியன் கோயில் முன்னால ஊரைக் கூட்டினாங்க. வாசல்ல கம்பெனி லாரி நின்னுச்சு.

"அம்மா, உங்க சம்மதம் இல்லாம நாங்க ஒரு இலையைக்கூடத் தொட மாட்டோம், அதுதான் எங்க கம்பெனியோட கொள்கையே"ன்னு பிரசாத் சார் கையைக் கூப்பினாரு.

"அப்ப வந்த வழியே போங்க சார். எனக்குச் சம்மதம் இல்ல."

"அக்கா, கொஞ்சம் யோசி"ன்னு ராசாங்கம் அழுதுட்டான், நெசமாவே அழுதான், நடிப்பு இல்ல. "ஊரே ஒக்காந்துடும்க்கா. ஆட்டையும் வித்தாச்சு. கம்பெனி போச்சுன்னா எதைத் தின்றது?"

"என் தோப்புல பழம் இருக்கு, எல்லாரும் வந்து தின்னுங்க, நான் வேணான்னா சொன்னேன்? பிஞ்சைக் கேக்காதீங்க. அது இன்னும் ஒத்துக்கலடா. பழுக்கணும்னு ஆசையா தொங்கிக்கிட்டு இருக்கு, நான் எப்படி அறுக்க விடுவேன்?"

"பழத்தைத் தின்னுட்டுப் படுத்துக்கச் சொல்றியா? புள்ளைங்களுக்கு ஃபீசு யாரு கட்டுறது, உன் காயா கட்டும்?"ன்னு கூட்டத்துலேர்ந்து ஒருத்தி கத்தினா. ஆமா ஆமான்னு எல்லாரும் சேர்ந்துக்கிட்டோம்.

அப்பத்தான் பூசாரி வைத்திலிங்கம், கம்பெனி கட்டிக் குடுத்த புது மண்டபத்துல நின்னுக்கிட்டு, தொண்டையைச் செருமிக்கிட்டுப் பேசினாரு. "காய்ங்க வாய் பேசாது. மரத்துக்குச் சொந்தக்காரி அஞ்சலாட்சி. அவ மேல மஞ்சத்தண்ணி ஊத்துவோம். அவ சிலுப்பினா காட்டுமுனியன் உத்தரவு, தோப்பை விட்டுடணும். சிலுப்பலன்னா அந்தத் தோப்பைப் பத்தி இனிமே எவனும் வாயைத் தொறக்கக் கூடாது, கம்பெனி லாரி ஊரை விட்டுப் போயிடணும். என்ன சொல்றீங்க?"

இதைக் கேட்டுப் பிரசாத் சார் ராசாங்கத்தைப் பார்த்தாரு, இது சட்டப்படி செல்லுமான்னு கேட்டாரு. வீடியோ எடுத்துக்கலாம் சார்னு ராசாங்கம் சொன்னான். அக்கா கொஞ்ச நேரம் சாமியைப் பார்த்துக்கிட்டு நின்னா. அவளுக்கு அந்தச் சாமி மேலயும் அந்தச் சிலுப்பல் மேலயும் இருந்த நம்பிக்கை ஊருல வேற யாருக்கும் கெடையாது, பூசாரிக்கே கெடையாது. அதுதான் அவளுக்கு எமனா வந்துச்சு. "சரி"ன்னா. "ஒரு சொம்புதான். நான் காய்ங்களுக்கு ஒரு சொம்புக்கு மேல ஊத்தினதில்ல."

"ஒரு சொம்புதான்"னாரு பூசாரி.

கோயில் கேணியிலேர்ந்து விடிய மொண்டு வெச்ச தண்ணி, கை வெச்சாலே எலும்புல ஏறும். முதல் சொம்பை பூசாரி ஊத்தினாரு. அக்கா கையைக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நின்னா, மஞ்சத்தண்ணி தலையிலேர்ந்து முகத்துல வழிஞ்சு பொடவையெல்லாம் நனைஞ்சு கால்ல எறங்குச்சு, ஒரு மயிர்கூட அசையல. பனியில அவ ஒதடு மட்டும் நீலமா ஆயிக்கிட்டு வந்துச்சு.

அத்தோட விட்டிருக்கணும். சொன்ன சொல்லு அதானே? ஆனா பூசாரி, "தலையில சரியாப் படல"ன்னாரு. யாரும் எதுத்துப் பேசல. இன்னொரு சொம்பு. அக்கா கண்ணைத் தொறந்து எங்க எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தா, திட்டல, பல்லை இறுக்கிக்கிட்டா, தாடை எலும்பு துருத்திக்கிட்டு நின்னுச்சு, அசையல. மூணாவது சொம்பு. காலைப் பூமியில ஊணிக்கிட்டு, சேறு வெரலுக்கு நடுவுல பிதுங்க, அசையல. மேட்டுத் தோப்புலேர்ந்து அன்னிக்கு ஒரு சத்தமும் வரல, அங்கயும் எல்லாம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்களோ என்னவோ. எனக்கே ஒரு நிமிசம், ஜெயிச்சுட்டா இவன்னு தோணிச்சு. ஜெயிக்கட்டும்னுகூட நெனச்சேன், எம்பொண்ணுக்குக் கட்ட வேண்டிய ஃபீசு ஞாபகம் வர்ற வரைக்கும்.

அப்ப ராசாங்கம் முன்னால போனான். சொம்பைப் பூசாரி கையிலேர்ந்து வாங்கினான். கறிக்கடைக்காரன் கை, எங்க ஊத்தணும்னு அதுக்குத் தெரியும். அக்காவுக்குப் பின்னால போயி நின்னு, அவளோட நனைஞ்ச கொண்டையை ஒரு கையால மெதுவா ஒதுக்கி, பிடரியில, மெல்லிசா, நூலாட்டம், நிறுத்தாம ஊத்தினான். தண்ணி முதுகுத்தண்டுல எறங்குச்சு. அக்கா ரொம்ப நேரம் தாங்கினா. அப்புறம் அவ உடம்பு அவ பேச்சைக் கேக்கல, தோள்லேர்ந்து கால் வரைக்கும் ஒரு உதறு உதறிச்சு.

கொலவைச் சத்தம் கெளம்புச்சு பாருங்க, காக்கா எல்லாம் மரத்தை விட்டுப் பறந்துச்சு. பம்பை அடிச்சாங்க, சூடம் ஏத்தினாங்க, உத்தரவு உத்தரவுன்னு கத்தினாங்க, பிரசாத் சார் வீடியோவை நிறுத்திட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு, இவ்வளவு மனசார யாரும் குடுத்து நான் பார்த்ததில்லன்னாரு.

அக்கா ஈரப் பொடவையோட நடுவுல நின்னுக்கிட்டு இருந்தா. பல்லு தந்தியடிச்சுது. தம்பி பக்கம் திரும்பி, ஏதோ சின்னப் புள்ளை சொல்ற மாதிரி, "எனக்குக் குளுந்துச்சுடா, ராசாங்கம். குளுருதான்டா அது"ன்னா.

அவனுக்குக் கேட்டுச்சு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து உதறி, அவ தலையைப் பதமாத் துவட்டிவிட்டான், காதுக்குப் பின்னால இருந்த மஞ்சளைத் தொடைச்சான், துண்டை அவ தோளைச் சுத்திப் போத்தினான். அப்புறம் நிமிந்து பார்த்து, "வண்டியை மேட்டுக்கு எடுக்கச் சொல்லுங்க சார்"ன்னான்.